முத்தில் யார் பெயர் இருக்கிறது?



எங்கள் ஊருக்கு முத்து நகர் என்று பெயர். சென்னைக்குப் போகும் ரயிலுக்கும் அதே பெயர்தான். ஆனால் இந்தக் கடலில் எடுத்த எந்த முத்திலும் அதை எடுத்தவரின் பெயர் இல்லை.

கல்லை மிதித்து இறங்கி, மூச்சை அடக்கி, கடலடியில் சிப்பி பொறுக்கியவர் கரைக்கு வந்ததும் முதலில் நடப்பது கணக்கு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேய அரசு நடத்திய முத்துக்குளிப்பில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விட்டார்கள். வாங்கியவர் ஒரு வணிகர், அவரிடம் வாங்கியவர் இன்னொரு வணிகர். கைமாறக் கைமாற விலை ஏறியது. அரசு நடத்திய பெரிய முத்துக்குளிப்பு இங்கே 1961-உடன் நின்றுபோனது. அந்தக் கணக்கு மட்டும் நிற்கவில்லை. இன்று அது பாட்டுக்குள் நடக்கிறது.

எங்கள் உப்பளத் தெருக்களிலும், துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்களின் வீடுகளிலும் பாட்டுப் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கையில் செல்போன், நண்பனிடம் இரவல் வாங்கிய லேப்டாப், காதில் ஹெட்போன். பீட் போட்டு, அதன்மேல் பேசிப் பாடி, இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். எந்த சபாவிடமும் எந்த ஸ்டுடியோவிடமும் அனுமதி கேட்பதில்லை. எங்களைப் பார்த்தால் அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “அண்ணே, சினிமா சான்ஸ் இல்லாம இதுல நிக்க முடியுமா?”

நிற்க முடியும் என்பதற்கு நம்மிடம் வரலாறு இருக்கிறது. நின்றவர்களின் பெயரும் பங்கும் எங்கே போயின என்பதற்கும் வரலாறு இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மெஷின் யார் கைக்குப் போனது?

எலக்ட்ரானிக் இசை என்றால் பணக்காரர்களின் கிளப், வெளிநாட்டு டிஜே என்று நினைக்கப் பழக்கியிருக்கிறார்கள். அது பிறந்த இடங்கள் வேறு.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் கிங் டப்பி. 1970களில், பதிவான பாட்டிலிருந்து குரலை இறக்கிவிட்டு, டிரம்மையும் பேஸையும் முன்னே கொண்டுவந்து, எதிரொலி சேர்த்துப் புதுப் பாட்டாக்கினார். டப் என்கிற இசை வளர்ந்தது அப்படித்தான். மிக்சிங் மேசையில் உட்காருகிறவரும் கலைஞர்தான் என்று உலகுக்குச் சொன்னது ஏழைக் கறுப்பர்களின் தெருவில் நின்ற ஸ்பீக்கர்கள்.

1980-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிஆர்-808 என்ற டிரம் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிஜ டிரம் போல ஒலிக்கவில்லை என்று பெரிய ஸ்டுடியோக்கள் ஒதுக்கின. 1983-இல் உற்பத்தியே நின்றது. பழைய சாமான் கடைகளுக்கு மலிவு விலையில் வந்த அந்த மெஷின்களைக் கறுப்பின இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஹிப்ஹாப்பின் அடித்தளமாக அந்த ஒலி மாறியது. கார் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த டெட்ராய்ட் பகுதியில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் இத்தகைய மெஷின்களை வைத்து டெக்னோவை உருவாக்கினார்கள். இன்று டெக்னோ என்றால் பலருக்கு ஐரோப்பாதான் நினைவுக்கு வருகிறது. இசை பரவியது, பிறந்த தெரு மறக்கப்பட்டது.

நம் மண்ணில் முதலில் நம் கைக்கு வந்த மலிவான மெஷின் கேசட். அதுவரை நம் பாட்டு ஊர் எல்லையைத் தாண்டவில்லை. பறை சாவுக்கு வேண்டும், அடித்தவருக்கு ஊருக்குள் இடமில்லை. அதனால் பறையைத் தொடவே மாட்டோம் என்று கீழே வைத்த ஊர்கள் உண்டு. அதையே விடுதலைக் கருவியாக எடுத்தவர்களும் உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். கே.ஏ. குணசேகரன் தன் ‘தன்னானே’ குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ அவர் குரலில் சேரிகள்தோறும் போய்ச் சேர்ந்தது. சபாவின் கதவைத் தட்டாமல், ரேடியோ நிலையத்தின் தயவு இல்லாமல், டீக்கடை டேப் ரெக்கார்டரில் நம் குரல் ஒலித்த காலம் அது.

அடுத்து வந்தது சிறிய எலக்ட்ரானிக் பெட்டி. ஈழத்திலிருந்து அகதியாக லண்டன் போய் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரே பெட்டியில் தன் ஆரம்பப் பாட்டுகளை உருவாக்கினார். முதல் ஆல்பம் ‘அருளர்’ 2005-இல் வந்தது. 2007-இல் வந்த ‘கலா’ ஆல்பத்துக்காகச் சென்னையில் உறுமி மேளங்களைப் பதிவு செய்தார்கள். அந்த உறுமி உலகமெங்கும் கேட்டது. எம்.ஐ.ஏ.வை உலகுக்குத் தெரியும். உறுமி அடித்தவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த மாயாவைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. மெஷின் செய்யும் ஒரு வேலையைக் கவனியுங்கள் என்கிறோம். பறையோ உறுமியோ நேரில் அடிக்கும்போது அடிப்பவர் கண்ணுக்குத் தெரிவார். பதிவு செய்து, வெட்டி, லூப் ஆக்கிய பிறகு அது ஒரு ஃபைல். ஃபைலுக்கு நாம் வைக்கிற பெயர்தான் பெயர். ‘உறுமி 3’ என்று வைத்தால் அவர் அதோடு போய்விட்டார்.

தெருக்குரல்

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயர், அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற அடையாளத்திலிருந்து வந்தது. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவும், ராப்பும், ராக்கும் ஒரே மேடையில் நின்றன. இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் கிட்டாரும் பறையும் சேர்ந்து பேசின.

அந்த மேடையில் ராப் பாடியவர்களில் ஒருவர் அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு. அவரும், ஆஃப்ரோ என்ற பெயரில் இயங்கும் இசைத் தயாரிப்பாளரும் சேர்ந்து 2019-இல் வெளியிட்டது ‘தெருக்குரல்’. படமில்லை, கதாநாயகன் இல்லை. ஒருவர் எழுதிப் பாட, ஒருவர் கணினியில் இசையைக் கட்ட, இரண்டு பேரின் உழைப்பில் ஓர் ஆல்பம். ‘ஆன்ட்டி இந்தியன்’, ‘கள்ளமௌனி’ போன்ற பாட்டுகளின் பெயரே அவற்றின் அரசியலைச் சொல்லிவிடும்.

இந்தப் பாணியை நம் பிள்ளைகள் கூர்ந்து கேட்க வேண்டும். அடியில் கனமான பேஸ், அதன்மேல் டிரம், நடுவில் குரலுக்கு விட்ட இடம். ராப்பில் மெட்டின் வேலையைச் சொல்லே செய்கிறது. எதுகையும் மோனையும் அடுக்கடுக்காக விழும்போது நாக்கு பறைக் குச்சி மாதிரி வேலை செய்யும். ஒப்பாரியில் நம் பாட்டிமார் மூச்சு விடாமல் சொல் அடுக்குவார்களே, அந்தப் பழக்கம் அறிவின் வாயில் இருக்கிறது. அதற்கு இடைஞ்சல் செய்யாத பீட் வேண்டும். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை எடுத்துவிடுவது என்று தெரிந்திருப்பதுதான் தயாரிப்பாளரின் திறமை.

அந்த ஆல்பத்தில் எங்கள் ஊரின் பெயர் சொல்லும் ஒரு பாட்டு உண்டு: ‘ஸ்னோலின்’. 2018 மே 22, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன மக்கள்மீது போலீஸ் சுட்டது. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. அதில் ஒருவர் இளம்பெண் ஸ்னோலின். அதற்கடுத்த நாட்களில் தூத்துக்குடியிலும் பக்கத்து மாவட்டங்களிலும் இணையத்தை முடக்கினார்கள். நாங்கள் ஊமையாக்கப்பட்டு உட்கார்ந்திருந்தோம். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2022 அக்டோபரில். பாட்டு அதற்கு முன்பே வந்துவிட்டது. கோப்பில் எண்ணாக இருந்த ஒரு பெண்ணின் பெயரைப் பாட்டின் தலைப்பாக வைத்தார்கள். சுதந்திரமாக இசை செய்வது எதற்கு என்று கேட்கும் தம்பிக்கு எங்கள் பதில் இதுதான். எந்தப் படக் கம்பெனியும் 2019-இல் அந்தத் தலைப்பில் பாட்டுப் போட்டிருக்காது.

கப்பலேறிய குரல்

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக நாடு கிளர்ந்தபோது ‘சண்ட செய்வோம்’ வந்தது. குடியுரிமை அறிவுக்குச் செய்தித்தாளில் படித்த விஷயம் மட்டுமல்ல. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்.

இந்தக் கதையில் எங்கள் துறைமுகத்துக்கும் இடம் உண்டு. 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் பாதை திறக்கும்வரை, சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயில் தூத்துக்குடியில்தான் நின்றது. இங்கிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இந்தத் தடத்தில்தான். அந்தக் கப்பல் நமக்குப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதே கடலைக் கடந்த கூலிகள் அங்கே இல்லை. கங்காணி கையில் கடன் துண்டோடு, தட்டப்பாறை முகாமில் நோய்ச் சோதனைக்கு அடைபட்டு, கப்பலின் மேல்தளத்தில் நின்றபடி போனவர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் நம் சேரி மக்கள். ஊரில் நிலமில்லை, போன இடத்தில் காட்டை வெட்டி உண்டாக்கிய தோட்டமும் அவர்களுடையதில்லை. 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மீதிப் பேரின் கணக்கை அடுத்த பத்தாண்டில் பிரித்துக்கொண்டார்கள். சிப்பியை எண்ணியது போலவே மனிதர்களையும் எண்ணினார்கள்.

2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ இந்த வரலாற்றின் பாட்டு. அறிவும் தீயும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார், மாஜா என்ற நிறுவனம் வெளியிட்டது. ஒப்பாரியும் மண்ணும் விதையும் எலக்ட்ரானிக் தாளத்தோடு கலந்து யூடியூப்பில் 40 கோடிக்கும் மேல் பார்க்கப்பட்டது. காணொளியில் வள்ளியம்மாள் பாட்டியையும் பார்த்தோம். நம் வீட்டுக் கிழவி உலகத்தின் முன் உட்கார்ந்திருந்தது போல இருந்தது.

பிறகு கணக்கு தொடங்கியது. 2021 ஆகஸ்டில் ஒரு பெரிய இசைப் பத்திரிகையின் அட்டையில் அந்தப் பாட்டைச் சொல்லி மற்ற கலைஞர்களைப் போட்டார்கள், எழுதியவர் இல்லை. பா. ரஞ்சித் உள்ளிட்ட பலர் கேட்ட பிறகே அறிவுக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. அதே பாட்டு மேடையேறியது, அறிவு இல்லாமல். சில நாட்களில் அறிவு பொதுவில் எழுதினார்: எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் தான்தான், பல மாதங்கள் உறக்கமின்றி உழைத்தேன் என்று. சந்தோஷ் நாராயணன் பதில் தந்தார்: மூவரின் கூட்டு உழைப்பு, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்று. 2024 மார்ச்சில் அவரே இன்னொன்றையும் சொன்னார். அதுவரை தங்களில் யாருக்கும் அந்தப் பாட்டிலிருந்து ஒரு காசும் வரவில்லை. நிறுவனம் தன் தரப்பில் வேறு விளக்கம் கொடுத்தது.

மெட்டில் யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் அந்த ஸ்டுடியோவில் இல்லை. எங்களுக்குத் தெரிந்தது இது: பாட்டு உருவான நாளிலேயே யார் என்ன செய்தார் என்று எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. இன்னொன்றும் தெரியும். விடுபடுகிற பெயர் எப்போதும் ஏன் ஒரே பக்கத்திலிருந்து விடுபடுகிறது என்ற கேள்வி சாதி பற்றிய கேள்வி. அதைக் கேட்டதற்காக ‘எல்லாவற்றிலும் சாதி பார்க்கிறாயா’ என்று அறிவை ஏசியவர்கள், பதிலை மட்டும் சொல்லவில்லை. அவர் நிற்கவில்லை. ‘அம்பாசா’ என்ற தன் குழுவோடு மேடையேறினார். 2024-இல் வந்த அவருடைய ஆல்பத்தின் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. பெயரை யாரும் போடாவிட்டால் தலைப்பிலேயே போட்டுக்கொள்வோம் என்பது போல.

சட்டத்திலும் இந்தக் கதை உண்டு

1957-இல் வந்த பதிப்புரிமைச் சட்டத்தில் இசைப் படைப்பு என்பதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: அது எழுத்தில், அச்சில் அல்லது குறியீட்டில் இருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். சுரம் எழுதத் தெரிந்தவர் படைப்பாளி. வயலில் நடவு நட்டபடி மெட்டுக் கட்டிய பெண் படைப்பாளி இல்லை. பறையில் புது அடி கண்டவர் படைப்பாளி இல்லை. எழுத்தை நமக்கு மறுத்த சமூகம், எழுதாததால் உன் இசை இசையே இல்லை என்றும் சொன்னது. 1994-இல் வந்த திருத்தம்தான் அந்த நிபந்தனையை நீக்கியது. குறியீட்டில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையை அமைத்தவரே இசையமைப்பாளர் என்று சட்டம் ஒப்புக்கொள்ள 37 ஆண்டுகள் ஆயின.

பங்கும் அப்படித்தான். 1977-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், படத்துக்காக எழுதப்பட்ட பாட்டின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், படத் தயாரிப்பாளருக்கே என்றது. 2012 திருத்தம் அதை மாற்றியது. பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை விற்றாலும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தாலும் அந்த நிபந்தனை செல்லாது. பாடினவர், வாசித்தவர் ஆகியோருக்கும் தங்கள் பெயரைச் சொல்லக் கேட்கும் உரிமை அதே திருத்தத்தில் வந்தது.

ஒரு சொல்லில் மட்டும் ஏமாறாதீர்கள். லேப்டாப்பில் இசையைக் கட்டுகிறவரை நாம் ‘புரொடியூசர்’ என்கிறோம். சட்டத்தில் ஒலிப்பதிவின் ‘புரொடியூசர்’ என்றால் அந்தப் பதிவுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர். ஒப்பந்தத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் கம்பெனி பெயர்தான் இருக்கும். பதிவின் உரிமை அந்தப் பெயருக்குப் போகும். நாமே செலவழித்து, நாமே பதிந்து, நாமே வெளியிட்டால் அந்த இடமும் நம்முடையது. ‘சுயாதீன இசை’ என்ற சொல்லின் உண்மையான பொருள் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே, பாட்டுப் போடும் தம்பிகளே, தங்கைகளே, சில வேலைகள்.

பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: வரி யார், மெட்டு யார், பீட் யார், பாடியவர் யார், பறை அடித்தவர் யார், யாருக்கு எத்தனை சதவீதம். எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று கூச்சப்படாதீர்கள். நண்பர்களாகவே இருக்கத்தான் அது.

ஒப்பந்தத்தில் காலமும் நாடும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காலம் எழுதாவிட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ‘என்றென்றைக்கும், உலகம் முழுவதும்’ என்று இருந்தால் கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நம் இயக்கத் தோழர்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள்.

பாட்டியிடமோ அக்காவிடமோ வாங்கிய மெட்டுக்கு ‘நாட்டுப்புறம்’ என்று போட்டு முடித்துவிடாதீர்கள். யார் பாடக் கேட்டீர்களோ அவர் பெயரையும் ஊரையும், அவர் சம்மதத்தோடு, போடுங்கள். ஃபைலுக்கு ‘பறை 1’ என்று பெயர் வைக்காதீர்கள். அடித்த அண்ணன் பெயரை வையுங்கள்.

இந்தத் தவறு நம் கையாலும் நடக்கும் என்பதற்காகவே கடைசியாக இதைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் உப்பளத் தொழிலாளர் கோரிக்கைகளுக்காக நாங்கள் ஒரு பாட்டுப் பதிந்தோம். உப்பு வாரும் இரண்டு பெண்கள் கொடுத்த மெட்டு. சுவரொட்டியில் எங்கள் பெயர் இருந்தது, அமைப்பின் பெயர் இருந்தது. அவர்கள் பெயர் இல்லை. வெளியீட்டுக் கூட்டத்தில் ஓர் அம்மா சுவரொட்டியை நின்று படித்துவிட்டுக் கேட்டார்: “நாங்க எங்கப்பா இதுல?”

அடுத்த நாள் புதுச் சுவரொட்டி அடித்தோம். அந்தக் கேள்வியை உங்கள் பாட்டு வெளிவரும் முன்பே நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெய் பீம்.